பழைய அம்பாசடரில் மேனிஃபோல்டு விரிசல்: ஒட்டுவதா, மாற்றுவதா?

என்ஜினின் எல்லா சிலிண்டரிலிருந்தும் வரும் சூடான புகையைச் சேர்த்து ஒரே குழாயில் அனுப்பும் வார்ப்பிரும்புப் பாகம்தான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. வார்ப்பிரும்பில் 2 முதல் 4 சதவீதம் வரை கார்பன் உண்டு. அது கிராஃபைட் செதில்களாக உள்ளே கிடப்பதால் இரும்பு வளைந்து கொடுக்காது, வெடித்துவிடும். காய்ந்த தோசைக்கல்லில் ஒரு செம்பு பச்சைத்தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், அதே கதைதான். மழைக்கு மதுரை கர்டர் பாலத்தடியில் தேங்கும் தண்ணீரில் சூடான வண்டியை இறக்கினாலும் இது நடக்கலாம். போல்ட்டை ஒரு பக்கமாக இறுக்கினாலும் விரிசல் வரும்.

விரிசலை வெல்டிங்கால் ஒட்டலாம், ஆனால் அவசரம் ஆகாது. விரிசலின் இரு முனையிலும் சிறு துளை போட்டு, பாகம் முழுவதையும் சூடேற்றி, நிக்கல் ராடால் கொஞ்சம் கொஞ்சமாக வெல்டிங் வைத்து, உலர்ந்த மணலில் புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். அப்புறம் லேத் பட்டறையில் என்ஜினோடு பொருந்தும் முகத்தை மட்டமாக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இடையில் கசிவைத் தடுக்க வைக்கும் கேஸ்கெட் வழியே புகை கசியும். அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. இருந்தாலும் விரிசல் இல்லாத பழைய பாகம் கிடைத்தால் மாற்றிவிடுங்கள் என்பதே என் கட்சி.

எபாக்சி பசை வைத்து அடைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மேனிஃபோல்டின் பல நூறு டிகிரி சூட்டில் சாதாரணப் பசை கருகி உதிர்ந்துவிடும்.