வெனிஸுக்கு எவ்வளவு பணம் எடுத்து வைக்கலாம்?

ஐரோப்பிய ரயில் பயணம் பற்றிச் சென்ற மாதம் இப்பகுதியில் எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வெனிஸ் நகரத்தைப் பற்றியவை. பார்க்க ஆசை, ஆனால் செலவை நினைத்தால் தயக்கம் என்பதே எல்லாவற்றிலும் இருக்கும் செய்தி. அவற்றுள் ஐந்து கடிதங்களை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கீழே தரும் கட்டணங்கள் 2025-ஆம் ஆண்டில் இருந்தவை. எளிதாக மனக்கணக்குப் போட ஒரு யூரோவை 100 ரூபாய் என்று கொண்டிருக்கிறேன்.

கேள்வி: நானும் என் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். மியூனிக் நகரில் வேலை பார்க்கும் எங்கள் மகளிடம் (வயது 27) நவம்பரில் செல்கிறோம். அங்கிருந்து மூவரும் ரயிலில் வெனிஸ் சென்று மூன்று இரவுகள் தங்க விரும்புகிறோம். ரயில் கட்டணம் நீங்கலாக ஒன்றரை லட்சம் ரூபாய் வைத்திருக்கிறோம். போதுமா? நகருக்கு வெளியே மெஸ்ட்ரேயில் தங்கினால் செலவு வெகுவாகக் குறையும் என்று மகள் சொல்கிறாள். அப்படிச் செய்யலாமா?
வாசகி, திருச்சி

பதில்: போதும். ஆனால் அந்தப் பணத்தில் எதை இறுக்கிப் பிடிப்பது, எதற்குத் தாராளமாகக் கொடுப்பது என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். தங்குமிடத்தில் மிச்சம் பிடித்துவிட்டு, அந்த மிச்சத்தைக் காபிக் கடையிலும் படகுத் துறையிலும் தொலைத்துவிட்டு வருபவர்கள் வெனிஸில் அதிகம். இதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள் என்பதே என் யோசனை.

உங்கள் மகளின் கணக்கில் பிழை இல்லை. மெஸ்ட்ரேயில் அறை வாடகை குறைவு. அங்கிருந்து ரயிலில் பத்து நிமிடத்தில், ஒன்றரை யூரோ அளவிலான கட்டணத்தில், 1846-இல் திறக்கப்பட்ட ரயில் பாலத்தைக் கடந்து வெனிஸுக்குள் வந்துவிடலாம். ஆனால் அதே ரயிலில்தான், அதே காலை ஒன்பது மணிக்கு, பகல்நேரப் பயணிகள் அத்தனை பேரும் வந்து இறங்குகிறார்கள். மாலையில் அவர்களோடுதான் நீங்களும் திரும்பியாக வேண்டும். அவர்கள் போன பிறகும், அவர்கள் வருவதற்கு முன்பும் இருக்கிற வெனிஸ் வேறு. காலை ஆறரை மணிக்கு ரியால்ட்டோ பாலத்துக்கு அருகே நின்று பாருங்கள். சரக்குப் படகுகள் கரையில் அணைந்திருக்கும். காய்கறிப் பெட்டிகளையும் தண்ணீர்ப் புட்டிக் கட்டுகளையும் ஆட்கள் கைவண்டியில் ஏற்றி, பாலத்தின் ஒவ்வொரு படியிலும் சக்கரத்தைத் தூக்கி வைத்து மறுபுறம் இறக்குவார்கள். 118 தீவுகளும் நானூற்றுக்கும் மேற்பட்ட பாலங்களும் கொண்ட இந்நகரில் நகர வாயிலில் பேருந்துகள் நிற்கும் பியாட்சாலே ரோமாவுக்கு அப்பால் மோட்டார் வாகனம் எதுவும் நுழைய முடியாது. நீங்கள் குடிக்கப்போகும் பாலும், உங்கள் விடுதியின் போர்வையும்கூடப் படகிலும் கைவண்டியிலும்தான் வந்து சேர்கின்றன. வெனிஸில் ஏன் எல்லாம் விலை அதிகம் என்ற கேள்விக்கு அந்தக் காலை வேளையிலேயே பாதிப் பதில் கிடைத்துவிடும். 1951-இல் பழைய நகரத்தில் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். இன்று ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. வீடுகள் பயணியர் விடுதிகளாக மாறிக்கொண்டே போவது மீதிப் பதில்.

ஆகவே தீவிலேயே தங்குங்கள். நகரின் மையமான சான் மார்க்கோ சதுக்கத்தின் அருகே வேண்டாம். கன்னரேஜியோ வட்டாரத்தின் வடக்குப் பகுதியிலோ, காஸ்டெல்லோ வட்டாரத்தின் கிழக்குப் பகுதியிலோ தேடுங்கள். துறவியர் இல்லங்கள் நடத்தும் எளிய விடுதிகள் நகரில் பல உள்ளன. அறை சுத்தமாக இருக்கும், வாடகையும் மிதமாக இருக்கும். ஆனால் இரவில் குறிப்பிட்ட நேரத்தில் கதவை அடைத்துவிடும் இடங்களும் உண்டு என்பதால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நவம்பர் மாதம் உங்களுக்குப் பெரிய அனுகூலம். கோடையிலும் பிப்ரவரித் திருவிழாக் காலத்திலும் எட்டாத அறைகள் அப்போது கைக்கு எட்டும்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். மூவருக்கான அறைக்கு ஓர் இரவுக்கு 180 யூரோ என்று ஒதுக்கினால் மூன்று இரவுக்கு 540. அறை வாடகைக்கு மேல், தலைக்கும் இரவுக்குமாகச் சேர்த்து நகராட்சி தங்கல் வரி வாங்கும். விடுதியின் தரத்தைப் பொறுத்து மாறும் அந்த வரிக்கு 36 வைத்துக்கொள்ளுங்கள். வாப்பொரெட்டோ எனப்படும் பொதுப் படகில் ஒருமுறை செல்ல 9.50 யூரோ, அந்தச் சீட்டு 75 நிமிடம் செல்லும். 72 மணி நேரச் சீட்டு 45 யூரோ என்பதால், ஐந்து முறை ஏறினாலே போட்ட பணம் வந்துவிடும். முரானோ, புரானோ தீவுகளுக்கும் அதிலேயே போய் வரலாம். உங்கள் மகளுக்கு முப்பது வயது ஆகாததால், 6 யூரோவுக்கு விற்கும் இளையோர் அட்டையை வாங்கிவிட்டால் அவருக்கு அதே 72 மணி நேரச் சீட்டு 27 யூரோவுக்குக் கிடைக்கும். ஆக, படகுக்கு மூவருக்கும் 123. டோஜ் எனப்பட்ட பழைய ஆட்சித்தலைவரின் அரண்மனைக்கு நுழைவுச்சீட்டு 30 யூரோ. முப்பது நாளுக்கு முன்பே வாங்கினால் 25. இன்றே வாங்கினால் மூவருக்கும் 75-இல் முடியும். அரண்மனை இருக்கும் சான் மார்க்கோ சதுக்கத்தின் எதிர்ப்புறத்திலுள்ள கொர்ரேர் அருங்காட்சியகமும் அதில் அடங்கும். தேவாலயங்களின் சிறு கட்டணங்களுக்கு 40, உணவுக்கு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 40 வீதம் 360, எதிர்பாராத செலவுக்கு 100. எல்லாம் சேர்த்து 1,274 யூரோ. உங்களிடம் இன்னும் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம் இருக்கும்.

நவம்பர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பருவத்தில் கடல்நீர் ஏறி நகருக்குள் வருவது வழக்கம். 2019 நவம்பர் 12 அன்று 187 சென்டிமீட்டர் வரை ஏறி நகரையே உலுக்கியது. 2020 அக்டோபரிலிருந்து மோசே என்னும் நகரும் தடுப்பணைகள் பெரிய ஏற்றங்களைத் தடுத்துவிடுகின்றன. ஆனாலும் மிகத் தாழ்வான சான் மார்க்கோ சதுக்கத்தில் தண்ணீர் தேங்குவது உண்டு என்பதால், நனைந்தால் கெடாத காலணியை ஊரிலிருந்தே கொண்டு செல்லுங்கள். முடிந்தால் நவம்பர் 21-ஐ உங்கள் மூன்று நாள்களுக்குள் கொண்டுவரப் பாருங்கள். 1630-இல் தொடங்கிய கொள்ளைநோயிலிருந்து விடுபட வேண்டிக் கட்டப்பட்ட சலூத்தே மாதா கோவிலுக்கு, நகரின் நடுவே ஓடும் பெருங்கால்வாயின் மீது அந்த விழாவுக்காகவே போடப்படும் தற்காலிகப் பாலத்தில் நடந்து, ஊர் மக்கள் மெழுகுவர்த்தியோடு போவார்கள். அன்று நீங்கள் காணப்போவது பயணிகளுக்காக நடத்தப்படும் காட்சி அன்று; அந்த ஊரார் தங்களுக்காகக் கொண்டாடும் விழா. அதற்குக் கட்டணமும் கிடையாது.

கேள்வி: நாங்கள் முட்டையும் உண்ணாத சைவர்கள். வெனிஸில் கடல் உணவுதான் கிடைக்கும், அதுவும் யானை விலை என்கிறார்கள். கையோடு புளிக்காய்ச்சல் கொண்டு போவதைத் தவிர வேறு வழி இல்லையா?
வாசகர், கும்பகோணம்

பதில்: புளிக்காய்ச்சல் கொண்டு போங்கள், சமையலறை உள்ள விடுதி கிடைத்தால் இரவு உணவுக்கு அது பெரிய துணை. ஆனால் பகலில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. தக்காளி, பூண்டு, எண்ணெய் மட்டும் இட்ட மரினாரா பீட்சாவில் பாலாடைக்கட்டிகூடக் கிடையாது. பாக்கரோ எனப்படும் சிறு கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் சிக்கெட்டி என்னும் சிறு பண்டங்களை அடுக்கி வைத்திருப்பார்கள். பெரும்பாலானவை மீன்தான் என்றாலும், அவித்த கூனைப்பூவின் (ஆர்ட்டிசோக்) அடிப்பாகம், சுட்ட கத்தரிக்காய், மக்காச்சோள மாவில் செய்த பொலெந்தா ஆகியவையும் இருக்கும். கைகாட்டி, ‘மீன் இல்லையே, இறைச்சி இல்லையே, முட்டை இல்லையே’ என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். வெள்ளையாக, குழைவாக, ரொட்டியின் மேல் தடவியிருப்பது பெரும்பாலும் கருவாட்டுக் கூழ். பாலாடைக்கட்டி என்று நினைத்து ஏமாந்துவிட வேண்டாம். பார்மிஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் வயிற்றுச் சாறு கொண்டு உறைய வைக்கிறார்கள் என்பதையும் உங்களைப் போன்றவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

விலையைப் பொறுத்தவரை ஒரு வழக்கத்தைப் புரிந்துகொண்டால் பணம் நிற்கும். இத்தாலியில் நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் வேறு விலை. சந்தில் உள்ள ஒரு கடையின் முகப்பில் நின்றபடி ஒன்றரை யூரோவுக்கு நான் காபி குடித்த அன்றே, சான் மார்க்கோ சதுக்கத்தில் நாற்காலி போட்டிருந்த கடையின் விலைப்பட்டியலைப் பார்த்தேன். அங்கே காபி விலை பல மடங்கு, அதற்கு மேல் இசைக்குழு வாசிப்பதற்கென்று தலைக்கு ஒரு தொகை. 1720 முதல் நடக்கும் ஃப்ளோரியான் போன்ற கடையில் ஒருமுறை உட்கார வேண்டும் என்று விரும்பினால் தாராளமாக உட்காருங்கள். ஆனால் பட்டியலைப் படித்துவிட்டு உட்காருங்கள். உணவகங்களில் கோபெர்டோ என்று தலைக்குச் சில யூரோ சேர்ப்பது அங்கே முறையான வழக்கமே, ஏமாற்று வேலை அன்று. அசைவம் உண்ணும் நண்பர்கள் உடன் வந்தால் அவர்களுக்கும் ஒரு சொல்: பட்டியலில் மீனுக்கு எதிரே ‘எட்டோ’ என்றிருந்தால், அந்த விலை நூறு கிராமுக்கு உரியது, முழு மீனுக்கு என்று நினைத்துக் கேட்டவர்கள் பில் வந்ததும் திகைத்துப்போவார்கள். குடிநீருக்குச் செலவே வேண்டாம். நகரெங்கும் உள்ள பொதுக் குழாய்களில் வருவது நல்ல தண்ணீர்.

கேள்வி: கோடி அற்புதர் அந்தோணியார் திருவிழாவுக்காக ஜூன் மாதம் பதுவை நகருக்குத் திருயாத்திரை செல்கிறோம். அங்கிருந்து ஒரே ஒரு நாள் வெனிஸ் பார்த்து வர எவ்வளவு ஆகும்? நகருக்குள் நுழையவே வரி என்கிறார்களே?
வாசகர், தூத்துக்குடி

பதில்: ஆம். வரி உண்டு, ஆனால் எல்லா நாளும் இல்லை. 2024-இல் 29 நாள் சோதனையாகத் தொடங்கி, 2025-இல் 54 நாள்களுக்கு விரிவுபடுத்தினார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் பின்பகுதியிலிருந்து ஜூலை இறுதிவரை பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறுகளில் காலை எட்டரை முதல் மாலை நான்கு மணிவரை இது பொருந்தியது. முன்கூட்டியே கட்டினால் 5 யூரோ, கடைசி நாள்களில் கட்டினால் 10. பதினான்கு வயது நிறையாத குழந்தைகளுக்குக் கிடையாது. வெனிஸ் நகராட்சி எல்லைக்குள் தங்குபவர்கள் தங்கல் வரி கட்டுவதால் அவர்களுக்கும் விலக்கு உண்டு. மெஸ்ட்ரே அந்த எல்லைக்குள் வரும், பதுவை வராது. எனவே திங்கள் முதல் வியாழனுக்குள் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தால் உங்களுக்குப் பெரும்பாலும் வரி இருக்காது. போகும் ஆண்டின் நாட்காட்டியை நகராட்சியின் தளத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பதுவையிலிருந்து வட்டார ரயிலில் ஐந்து யூரோ அளவில், அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். முன்பதிவு வேண்டாம், காகிதச் சீட்டு என்றால் ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை இட மறக்காதீர்கள். யாத்திரையாக வரும் உங்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். நீங்கள் இறங்கும் நிலையத்தின் பெயர் சாந்தா லூச்சியா. அங்கே இருந்த புனித லூசியா கோவிலை நிலையத்துக்காக இடித்தபோது, புனிதையின் திருவுடலை அருகிலிருந்த சான் ஜெரெமியா கோவிலுக்குக் கொண்டு சென்றார்கள். நிலையத்திலிருந்து நடந்தே போய் வணங்கலாம். ஆயிரக்கணக்கானோர் அதைத் தெரியாமல் கடந்துபோகிறார்கள்.

கேள்வி: புதிதாகத் திருமணமானவர்கள் நாங்கள். கோண்டோலாவில் போகாமல் வந்தால் வெனிஸ் போனதாகவே ஆகாது என்கிறாள் மனைவி. அதற்கு எவ்வளவு கேட்பார்கள்?
வாசகர், கோவை

பதில்: நகராட்சி நிர்ணயித்த கட்டணம் பகலில் 30 நிமிடத்துக்கு 90 யூரோ, இரவு ஏழு மணிக்குப் பிறகு 35 நிமிடத்துக்கு 110. இது படகுக்கு உரிய கட்டணம், தலைக்கு அன்று. ஐந்து பேர்வரை ஏறலாம். பாட்டு வேண்டுமென்றால் தனிப் பணம். ஏறும் முன் நேரத்தையும் தொகையையும் வாய்விட்டு உறுதி செய்துகொண்டு, கூட்டமான பெருங்கால்வாயைத் தவிர்த்து உட்புறக் கால்வாய்களில் அழைத்துப் போகச் சொல்லுங்கள். உங்கள் மனைவியின் ஆசை நியாயமானது. வேறு எதிலாவது குறைத்துக்கொண்டு இதற்குக் கொடுங்கள்.

கையைக் கடித்தால், சாந்தா சோபியா துறைக்குப் போங்கள். பாலம் இல்லாத இடங்களில் பெருங்கால்வாயைக் கடக்க ட்ராகெட்டோ என்னும் படகு அங்கிருந்து ரியால்ட்டோ சந்தைக்குப் போகும். அதுவும் கோண்டோலாதான், முன்னும் பின்னும் இரண்டு பேர் துடுப்புப் போடுவார்கள், கட்டணம் 2 யூரோ. உள்ளூர்க்காரர்கள் காய்கறிப் பையோடு நின்றபடியே கடப்பதைப் பார்க்கலாம். இரண்டே நிமிடப் பயணம் என்றாலும், கால்வாயின் நடுவில் அந்த மெல்லிய படகு காலடியில் அசைவது நெடுநாள் நினைவில் நிற்கும்.

கேள்வி: என் தாயாருக்கு வயது 72, முழங்கால் வலி. படி ஏற முடியாது. அவரை அழைத்துப் போவது வீண் செலவு ஆகிவிடுமோ?
வாசகி, மதுரை

பதில்: ஆகாது, அழைத்துப் போங்கள். ஆனால் மற்றவர்களுக்குச் சொன்ன சிக்கனம் உங்களுக்குப் பொருந்தாது. பொதுப் படகுச் சீட்டை நாள் கணக்கில் வாங்கி, நடையை முழுக்கப் படகாக மாற்றிக்கொள்ளுங்கள். விடுதியைப் பதிவு செய்யும் முன், படகுத் துறையிலிருந்து வாசல்வரை எத்தனை பாலம், உள்ளே மின்தூக்கி உண்டா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சான் மார்க்கோ சதுக்கத்துக்குச் சான் சக்காரியா துறையில் இறங்கினால் படிப்பாலம் ஏற வேண்டும். வல்லரெஸ்ஸோ துறையில் இறங்கினால் சமதரையிலேயே போய்விடலாம். ஓவியர் டிஷியன் 1518-இல் முடித்த மாபெரும் மரியாளின் விண்ணேற்பு ஓவியம் உள்ள ஃப்ராரி கோவிலுக்கும் சான் தோமா துறையிலிருந்து பாலம் ஏறாமலே செல்லலாம்.

ஒரு மாலை முழுவதையும் முதலாம் எண் படகுக்கு ஒதுக்குங்கள். பெருங்கால்வாயின் எல்லாத் துறைகளிலும் நின்று நின்று, சான் மார்க்கோ சேர முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும் மெதுவான படகு அது. அடுத்த துறையான ரயில் நிலையத்தில் கூட்டம் ஏறிவிடும் என்பதால், புறப்படும் இடமான பியாட்சாலே ரோமாவிலேயே, விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சற்று முன்னதாக ஏறி, அம்மாவை சன்னலோரம் உட்கார வையுங்கள்.