கீபோர்டில் நாதஸ்வர ஒலி: வெலாசிட்டியை எதற்கெல்லாம் கொடுக்கலாம்?

சிந்தசைசரில் நாதஸ்வரம் மாதிரி ஒரு பேட்ச் (ஒரு ஒலிக்கான அமைப்பு) செய்தேன், மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் தொனி மாறவில்லை, மேல் ஸ்தாயி மங்கிப் போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் கோயில் பஜனைக்கும் கல்யாணத்துக்கும் கீபோர்டு வாசிக்கிறேன். எல்லா விசேஷத்துக்கும் நாதஸ்வரக்காரர் கிடைத்துவிடுவதில்லை. அதனால் இந்த ஒலிமேல் எனக்குத் தனி அக்கறை உண்டு.

மேலே மங்குவதற்கு, ஒலியின் மேல் அதிர்வுகளை வெட்டும் ஃபில்டர்தான் காரணம். அது வெட்டத் தொடங்கும் இடமான கட்ஆஃப் 1000 ஹெர்ட்ஸில் அசையாமல் நின்றால், 110 ஹெர்ட்ஸ் ஸ்வரத்துக்கு ஒன்பதாவது ஹார்மோனிக் (அடிப்படை அதிர்வின் ஒன்பது மடங்கு) வரை உள்ளே வரும். 880 ஹெர்ட்ஸ் ஸ்வரத்துக்கோ அடிப்படை மட்டும்தான் மிஞ்சும். கீ டிராக்கிங்கை ஏற்றினால் பிட்ச்சோடு கட்ஆஃபும் ஏறும். 100 சதவீதத்தில் ஒரு ஸ்தாயிக்கு இரண்டு மடங்கு. நான் 60, 70க்கு மேல் போவதில்லை, முழுசாக வைத்தால் தார ஸ்தாயி காதைக் குத்தும். 1970இல் வந்த மினிமூக் சிந்தசைசரிலேயே இதற்கு இரண்டு ஸ்விட்ச் உண்டு: ஒன்று மூன்றில் ஒரு பங்கு, இன்னொன்று மூன்றில் இரண்டு, இரண்டையும் போட்டால் முழுசு.

அடுத்தது வெலாசிட்டி, அதாவது கட்டையை எவ்வளவு வேகமாக அடிக்கிறோம் என்ற அளவு. பலரும் அதை வால்யூமுக்கு மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். நாதஸ்வரத்தில் அழுத்தி ஊதும்போது சத்தம் மட்டுமா கூடுகிறது? தொனியே பளிச்சென்று திறக்கிறது. ஆகவே வெலாசிட்டியைக் கட்ஆஃபுக்குக் கொடுங்கள், வால்யூமுக்குக் கொஞ்சம் போதும். அதற்குமுன் கட்ஆஃபை நன்றாக இறக்கி வையுங்கள், இல்லாவிட்டால் அது ஏறுவதற்கு இடமே இருக்காது. மிடியில் (கீபோர்டுகள் வாசிப்பை எண்ணாக அனுப்பும் முறை) வெலாசிட்டி 1 முதல் 127 வரை. 40இல் மூடிய தொனியும் 110இல் நன்றாகத் திறந்த தொனியும் வரும்படி அளவைச் சரிசெய்யுங்கள். அப்புறம், அதே வெலாசிட்டியை அட்டாக் நேரத்துக்கு (ஸ்வரம் முழுசாக எழ ஆகும் நேரம்) மைனஸில் கொடுங்கள்: ஓங்கி அடித்தால் ஸ்வரம் சட்டென்று பிடிக்கும், மெல்லத் தொட்டால் மூச்சு சேர்ந்து வருவதுபோல் எழும்.

வீணை போன்ற பேட்ச் என்றால் பிட்ச்சை டிகேவுக்கும் (ஒலி அடங்க ஆகும் நேரம்) மைனஸில் கொடுக்கலாம். மேல் ஸ்வரங்கள் சீக்கிரம் அடங்கும்.

வெலாசிட்டியை வைப்ராட்டோவுக்கு மட்டும் கொடுக்காதீர்கள். கமகம் என்பது கையில் பிட்ச் வீலோடு வர வேண்டிய விஷயம். இன்னொன்று, வெலாசிட்டி கட்டையை அடிக்கும் அந்தக் கணத்தோடு முடிந்துவிடும். நீண்ட கார்வையில் ஒலி பெருகி அடங்க வேண்டுமென்றால், எக்ஸ்பிரஷன் பெடலையோ ஆஃப்டர்டச்சையோ (அடித்த கட்டையை மேலும் அழுத்தும் அழுத்தம்) அதே கட்ஆஃபுக்குச் சேர்த்துக் கொடுங்கள்.