டிப்பர் லாரியில் துரு: மேல் பெயின்ட் ஏன் உரியவில்லை?

வணக்கம் நண்பரே. 1/24 அளவு (நிஜ வண்டியில் 24-ல் ஒரு பங்கு) மாடல் டிப்பர் லாரியில், மேல் பெயின்ட் அங்கங்கே உரிந்து துரு தெரியட்டும் என்று அடியில் ஆரஞ்சு, அதன்மேல் ஹேர்ஸ்பிரே, கடைசியில் எனாமல் (எண்ணெய் வகை பெயின்ட்) மஞ்சள் அடித்தும் உரியவே இல்லை, சுரண்டிய இடம் குங்குமம் கொட்டினது போல இருக்கு என்று எழுதியிருந்தீர்கள்.

கோளாறு எனாமலில்தான். ஹேர்ஸ்பிரே தண்ணீரில் கரையும். மெல்லிய அக்ரிலிக் (தண்ணீரில் கலக்கும் பெயின்ட்) வழியாகத் தண்ணீர் இறங்கும், எனாமல் வழியாக இறங்காது. அடுத்த வண்டிக்கு வரிசையை மாற்றுங்கள்: அடியில் கரும்பழுப்பு எனாமல், நன்றாகக் காய்ந்தபின் ஹேர்ஸ்பிரே 2 தடவை, மேலே அக்ரிலிக். நம்ம மதுரை வெயிலில் அது சீக்கிரம் இறுகிவிடும், மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். கையில் ஒட்டாத பதம் வந்ததுமே தண்ணீர் தொட்ட குட்டை பிரஷ்ஷால் ஒத்தி ஒத்தி எடுங்கள்.

இப்போதுள்ள வண்டியைத் தூக்கிப் போட வேண்டாம், மனசு கேட்காது. பிய்த்த ஸ்பாஞ்சில் கரும்பழுப்பு தொட்டு, பேப்பரில் முக்கால்வாசி ஒற்றிவிட்டு, விளிம்புகளில் மட்டும் தட்டுங்கள்.

நிறத்துக்கு மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட் பக்கம் நிற்கும் பழைய லாரியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பழைய துரு கிட்டத்தட்ட காபிக்கொட்டை நிறம். ஆரஞ்சு புதுத் துருவில் மட்டும்தான். தண்ணீர் தேங்கும் கதவின் கீழ்விளிம்பில்தான் துரு அதிகம். போல்ட்டுக்குக் கீழே மெல்லிய கோடாக வழிந்திருக்கும். அதற்கு பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) ஆயில் பெயின்ட் ஒரு பொட்டு வைத்து, டர்பன்டைன் லேசாகத் தொட்ட பிரஷ்ஷால் கீழ்நோக்கி இழுங்கள். எனாமல்மேல் நேராகச் செய்தால் மஞ்சளும் கரையும். முதலில் அக்ரிலிக் வார்னிஷ் ஒரு கை அடித்துவிடுங்கள்.