பிடிக்கிறவன் கணக்கு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,
பிட்ஸ்பர்க் பக்கம் இருக்கோம். பையன் பத்தாவது படிக்கிறான், எல்லாத்துலயும் 90க்கு மேல. ஸ்கூல் அமெரிக்கன் ஃபுட்பால் டீம்ல லைன்பேக்கர், எதிராளிய தடுத்து பிடிக்கிற ஆள். ரூம் பூரா இங்க பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் டீம்ல லைன்பேக்கரா ஆடின ஜேம்ஸ் ஹாரிசன் படம். எத்தனையோ தடவ டீம விட்டு தூக்கியும் விடாமுயற்சியால ஜெயிச்சவராமே, இளைஞர்களுக்காக அவரப் பத்தி எழுதுங்களேன். ஆனா ஆட்டம் ஒரே காட்டுத்தனமா இருக்கு, டென்னிஸ்ல மாத்திடலாமா?
– ஒரு வாசகி

அன்புத் தங்கச்சி,
டென்னிஸ் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. தலையில அடி படுமேங்கிற பயம் நியாயம்தான், அத டாக்டர்கிட்ட கேளுங்க, கதை எழுதறவன்கிட்ட கேக்காதீங்க.

போன வாரம் ஒரு கல்யாணத்துல எங்க மாமாவ பாத்தேன். காபி டம்ளர ரெண்டு கையாலயும் பிடிச்சு குடிச்சார். ஊர் கபடி டீம்ல லெஃப்ட் கார்னர் அவர், பாடி வர்றவன் கணுக்கால பிடிச்சு பிடிச்சு ரெண்டு விரல் கோணி அப்படியே நின்னுடுச்சு. அதையே நெனச்சிட்டு இருக்கேன், உங்க மெயில் வருது.

மொதல்ல அந்த 'விடாமுயற்சி'ய தூக்கி கொல்லையில போடுங்கம்மா. 2002ல ஹாரிசன டிராஃப்ட்ல, அதாவது காலேஜ் பசங்கள டீம்கள் மொற வெச்சு எடுக்கறதுல, யாரும் எடுக்கல. ஸ்டீலர்ஸ் சேத்துக்குவாங்க, கழட்டிவிடுவாங்க, திரும்ப கூப்பிடுவாங்க. ரேவன்ஸ்னு இன்னொரு டீம் எடுத்து ஜெர்மனிக்கு, ரைன் ஃபயர் டீமுக்கு ஆட அனுப்பினாங்க, அப்புறம் அவங்களும் விட்டுட்டாங்க. 2004ல ஸ்டீலர்ஸ் மறுபடி கூப்பிட்டது அவங்க ஆட்டக்காரர் கிளார்க் ஹேகன்ஸுக்கு கையில அடிபட்டதால. ஆட்டம் ஆரம்பத்துலேர்ந்தே எறங்கற மொத சான்ஸ் கெடச்சது, கிளீவ்லண்ட்ல மேட்ச் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அதே டீம் ஜோயி போர்ட்டர் சண்ட போட்டு வெளிய போனதால. உழைச்சார், இல்லங்கல. அதே அளவு உழைச்சும் வேற யாருக்கும் கை உடையாததால வீட்டுக்குப் போனவன் எத்தன பேரோ, அவங்களுக்கு வாட்ஸப் ஃபார்வர்ட் கெடையாது.

நான் சொல்ல வந்தது வேற. 2008ல 16 சாக், அதாவது எதிரணில பந்த எறியற ஆளான குவார்ட்டர்பேக்க, அவன் எறியறதுக்குள்ள சாய்க்கறது. அந்த வருஷத்தோட சிறந்த டிஃபன்ஸ் ஆட்டக்காரர் விருது, டிராஃப்ட் ஆகாத ஒருத்தர் அத வாங்கினது அதான் மொத தடவ. அந்த 16ல ஒண்ணயாவது யாரையாவது சொல்லச் சொல்லுங்க பாப்போம்! எல்லாரும் சொல்றது 2009 பிப்ரவரி 1, டாம்பா, சூப்பர் பவுல்ங்கற ஃபைனல்ல எதிரணி எறிஞ்ச பந்த பிடிச்சுட்டு ஓடின 100 யார்டுதான். பிடிக்கிறவன் பந்த எடுத்துட்டு ஓடினாதான் ஊர் கண்ணுக்கு தெரியறான்.

அதுலயும் எனக்கு பிடிச்சது ஓட்டத்துக்கு முன்னாடி. முதல் பாதி முடிய 18 செகண்ட், எதிரணி அரிசோனா, தாண்டினா பாயிண்ட் கெடைக்கற கோட்டு வாசல்ல நிக்குது, ஹாரிசனுக்கு சொல்லியிருந்த வேலை குவார்ட்டர்பேக் மேல பாயறது, இவர் பாயற மாதிரி காட்டிட்டு பின்னாடி நகந்துட்டார், அவங்க குவார்ட்டர்பேக் கர்ட் வார்னர் எறிஞ்சது நேரா இவர் கைக்கே வந்துச்சு. அப்புறம்தான் ஓட்டம், கூட ஓடின டீம்காரங்க வழில வந்தவன எல்லாம் தள்ளிவிட, கடைசில அரிசோனாவோட லாரி ஃபிட்ஸ்ஜெரால்ட் துரத்தி வந்து பிடிக்க, எதிர்ப்பக்கத்து கோட்டுல விழுந்து எந்திரிக்க முடியாம கெடந்தார். ஸ்டீலர்ஸ் 27-23 ஜெயிச்சாச்சு. ஆட்டநாயகன்? ஸ்டீலர்ஸுக்கு கடைசி டச்டவுன், அதாவது கோட்டுக்கு அப்பால பந்து போன பாயிண்ட், அந்த கேட்ச்ச பிடிச்ச சாண்டோனியோ ஹோம்ஸ். அதுவும் லேசுப்பட்ட கேட்ச் இல்ல, சரி, இருந்தாலும்.

அதுக்கப்புறம் அவர் பேர் பெருசா அடிபட்டது 2010ல, ஒரு முட்டலுக்கு 75,000 டாலர் அபராதம்னு. அபராதம் சரியா தப்பான்னு நான் பேச வரல. ஓடினா கைதட்டு, முட்டினா ஃபைன், நடுவுல தடுத்ததெல்லாம் யார் கணக்கு?

எங்க ஊர் ஃபைனல்லயும் இதான். பாடிப்போனவனுக்கு எவர்சில்வர் குடம், தோள்ல தூக்கி ஊர்வலம். மாமா அன்னிக்கு அஞ்சு பேர பிடிச்சார், நான் வேலி மேல உக்காந்து எண்ணினேன். ராத்திரி அத்தைதான் மஞ்சப்பத்து போட்டு விரல கட்டிவிட்டாங்க. கல்யாணத்துல கேட்டேன், அந்த அஞ்சாவது ஆள் ஞாபகம் இருக்கா மாமான்னு. "கீழத்தெரு பய, இடது காலத்தான்டா மொதல்ல நீட்டுவான்"ங்கறார். நாப்பது வருஷம் ஆச்சு!

உங்க மெயில்ல பையன் மார்க் இருக்கு, ஜெர்சி நம்பர் இல்ல. ஒரு மேட்ச் கூட பாத்ததில்லன்னு அதுலயே தெரியுதும்மா. வர்ற வெள்ளிக்கிழமை ராத்திரி போய் உக்காருங்க, பந்த விட்டுட்டு அவன மட்டும் பாருங்க. நம்பர எனக்கு எழுதுங்க.