புளியை அடுப்பங்கரையிலேயே விடுங்கள்: கோல்ஃப் மட்டை கேள்வி பதில்

கேள்வி (சென்னை): புது அயர்ன் (எஃகுத் தலை கொண்ட கோல்ஃப் மட்டை) செட் வாங்கியிருக்கிறேன். வீட்டில் எப்படிக் கழுவுவது?

பதில்: வாளியில் நான்கைந்து லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவ சோப்பு ஒரு டீஸ்பூன். மட்டையின் தலை மட்டும் முங்கினால் போதும். தலையும் தண்டும் சேரும் இடத்தில் கறுப்பு பிளாஸ்டிக் வளையம் ஒன்று இருக்கும், அதன் பெயர் ஃபெரூல். அது தண்ணீருக்கு மேலே நிற்கட்டும். இதை இன்னும் பலமுறை சொல்ல வேண்டிவரும், எண்ணிக்கொள்ளுங்கள்: ஒன்று.

ஐந்து நிமிடம் ஊறியதும் பழைய டூத் பிரஷ்ஷால் மட்டையின் முகத்திலுள்ள, அதாவது பந்தில் படும் பக்கத்திலுள்ள, பள்ளக்கோடுகளின் நீளவாக்கில் தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் ஒரு கோட்டு மண் அடுத்த கோட்டுக்குக் குடிபோகும், அவ்வளவுதான். இறுகிய புல்சாறுக்கு மர டீயின் (பந்தை ஏற்றிவைக்கும் சிறு குச்சி) கூர்முனை போதும். ஆணி, ஊக்கு, இரும்புக் கம்பி பிரஷ் எதுவும் வேண்டாம். நல்ல தண்ணீரில் அலசித் துணியால் ஒற்றி, நிழலில் அரை மணி நேரம் காயவிட்டு, அதன் பிறகு பையில் வையுங்கள். மட்டையைக் கெடுப்பது மண் அல்ல, துடைக்காமல் விட்ட ஈரம். கடற்காற்று அடிக்கிற ஊரில் இது இரட்டிப்பு உண்மை.

மைதானத்தில் பாதி நனைத்த துண்டு ஒன்று போதும். அடித்த கையோடு நனைந்த பாதியால் துடைத்து, காய்ந்த பாதியால் ஒற்றிவிடுங்கள். கோடுகள் அடைத்திருந்தால் பந்துக்கும் முகத்துக்கும் நடுவே உள்ள ஈரம் வெளியேற வழியில்லை. சுழற்சி குறையும், பந்து விழுந்த இடத்தில் நிற்காமல் ஓடும்.

கேள்வி (ஊட்டி): மழைக்காலச் செம்மண் விடவே மாட்டேன் என்கிறது. கொதிக்கிற தண்ணீர் ஊற்றலாமா?

பதில்: கூடாது. தலையைத் தண்டோடு பிடித்திருப்பது எபாக்சி பசை. கடைக்காரர் தலையைக் கழற்றுவதே சூடு காட்டித்தான். நீங்கள் ஏன் வீட்டில் அந்த வேலையைப் பாதி செய்கிறீர்கள்? இன்னொரு பத்து நிமிடம் ஊறவிடுங்கள். மே மாத வெயிலில் கார் டிக்கியில் செட்டைப் போட்டுவைப்பதும் இதே கணக்குதான். பசை இளகும், கைப்பிடிக்கு அடியிலுள்ள டேப்பும் வழுகும்.

கேள்வி (கோவை): கைப்பிடி வழுக்குகிறது. மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: முதலில் கழுவிப் பாருங்கள். வியர்வை, சன்ஸ்கிரீன், கையிலிருக்கும் தேங்காயெண்ணெய் எல்லாம் சேர்ந்து ரப்பர்மேல் மெழுகுபோலப் படிந்திருக்கும். சோப்புத் தண்ணீர், நைலான் பிரஷ், ஒரு கைப்பிடிக்கு ஒரு நிமிடம். நுனி மூடியில் சிறு ஓட்டை இருக்கும். அதைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு கழுவுங்கள், உள்ளே தண்ணீர் போனால் ஸ்டீல் தண்டு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். பிறகும் பளபளத்தால் 220 நம்பர் உப்புத்தாளால் லேசாக ஓர் இழுப்பு. விரல் நகத்தால் அழுத்தித் தடம் விழாத அளவுக்கு ரப்பர் இறுகியிருந்தால் மாற்றிவிடுங்கள். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் கைப்பிடிப் பக்கமே வரக் கூடாது, ரப்பர் ஊதிவிடும்.

கேள்வி (மதுரை): எங்கள் வீட்டுக் குத்துவிளக்கு புளியில் பளபளக்கிறது. அயர்னுக்கும் போடலாம்தானே?

பதில்: குத்துவிளக்கு பித்தளை. அதன்மேல் படிந்த கறுப்பைப் புளியின் அமிலம் கரைக்கிறது, அடியிலுள்ள பித்தளைக்குப் பெரிய சேதமில்லை. உங்கள் அயர்ன் எஃகு, மேலே மயிரிழையைவிட மெல்லிய நிக்கல், குரோம் பூச்சு. கல்லில் பட்டுப் பூச்சு விட்ட இடத்தில் அமிலம் உள்ளே இறங்கி எஃகைத் தின்னும்.

அதே மதுரைக்காரர்: எங்கள் கேடி (மைதானத்தில் மட்டைப் பை சுமப்பவர்) அண்ணன் இருபது வருஷமாகப் புளிதான் போடுகிறார்.

பதில்: புளியோடு கல்லுப்பும் சேர்ப்பாரா?

மதுரைக்காரர்: ஆமாம். அப்போதுதானே அழுக்கு விடும்!

பதில்: அதுதான் கெடுதல். உப்பிலிருக்கும் குளோரைடு குரோமையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். அன்றைக்குப் பளபளக்கும். அடுத்த வாரம் அதே இடத்தில் பழுப்புப் புள்ளி. அண்ணன் மறுபடி புளி போடுவார். இருபது வருஷம் இப்படியே ஓடும்.

குறுக்கே ஒருவர் (பெங்களூரு): புளி வேண்டாம், கோலா ஊற்றி ராத்திரி முழுக்க வையுங்கள். துரு ஓடிவிடும்.

பதில்: வந்துவிட்டீர்களா! கோலாவில் இருப்பது பாஸ்பாரிக் அமிலம், துருவைக் கரைக்கும், உண்மை. கூடவே சர்க்கரையும் இருக்கிறது. கோடுகளுக்குள் பிசுபிசுத்து அடுத்த ரவுண்டில் மண்ணைக் கூப்பிட்டு உட்காரவைக்கும். குரோம் பூசிய மட்டையில் துருப்புள்ளியா? சாப்பாடு கட்டுகிற அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, புள்ளிமேல் மெதுவாகத் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மென்மை, கீறாது. துடைத்துக் காயவைத்து ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் தடவுங்கள். ஆட்டத்துக்கு முன் முகத்திலுள்ள எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். தேங்காயெண்ணெய் வேண்டாம், நாளடைவில் சிக்குப் பிடிக்கும்.

கேள்வி (கொடைக்கானல்): என் வெட்ஜ் (பந்தைக் குறைந்த தூரத்துக்கு உயர்த்தி அடிக்கும் மட்டை) பூச்சில்லாதது. முழுக்கத் துரு. துரு இருந்தால் ஸ்பின் கூடும் என்கிறார்களே?

பதில்: பந்து படுகிற இடத்தில் துரு நிற்காது, அடிக்க அடிக்கத் தேய்ந்துவிடும். சுழற்சி தருவது கோட்டின் விளிம்பும், முகம் சுத்தமாகவும் ஈரமில்லாமலும் இருப்பதும். கண் கூசாமலிருக்கத் துருவை விரும்புகிறவர்கள் வைத்துக்கொள்ளலாம். எடுத்தே ஆக வேண்டும் என்றால், இங்கே மட்டும் அமிலத்துக்கு அனுமதி: வெள்ளை வினிகரில் தலையை மட்டும் இரண்டு மணி நேரம், ஃபெரூல் வெளியே (இரண்டு). நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து அலசுங்கள். இதை விட்டால் மிச்ச அமிலம் ஒரு மணி நேரத்தில் புதுத் துரு கிளப்பும். ஹேர் டிரையரை மிதமான சூட்டில் காட்டிக் காயவைத்து உடனே எண்ணெய். எண்களில் இருக்கும் பெயிண்ட் உரியலாம்.

மதுரைக்காரர்: அப்போ வினிகர் சரி, புளி மட்டும் தப்பா?

பதில்: பூச்சில்லாத எஃகு, உப்பில்லாத புளி, முடிவில் சோடா. இந்த மூன்றும் சேர்ந்தால் உங்கள் புளிக்கும் ஆட்சேபம் இல்லை. சாம்பாருக்கு மிச்சம் வையுங்கள்.

கேள்வி (சென்னை): கோடு கூர்மையாக்கும் கருவி விற்கிறார்களே?

பதில்: பயிற்சிக்கென்று ஒதுக்கிய பழைய மட்டையில் அந்தக் கருவியைப் போட்டுப் பாருங்கள். போட்டிக்கு வேண்டாம். 2010-இல் வந்த விதிப்படி கோட்டின் அகலம் 0.9 மி.மீ., ஆழம் 0.508 மி.மீ. தாண்டக் கூடாது. 25 டிகிரியும் அதற்கு மேலும் சாய்வுள்ள மட்டைகளில் விளிம்புக்கு 0.254 மி.மீ. வளைவாவது வேண்டும். கையால் சுரண்டுகிறவர் இதை எப்படி அளப்பார்? விதி மீறிய மட்டையால் ஓர் அடி அடித்தாலே தகுதி நீக்கம். சாதாரணமாகத் தேய்ந்ததற்குக் குற்றமில்லை.

கேள்வி (திருச்சி): டிரைவரையும் (தூரமாக அடிக்கும் பெரிய தலை மட்டை) வாளியில் போடலாமா?

பதில்: போடாதீர்கள். திருகு வழியாக உள்ளே ஈரம் போகும். நனைத்துப் பிழிந்த துணி போதும். திருகைக் கழற்றினால் கூடவே தந்த டார்க் சாவியால் (அளவுக்கு மேல் இறுக்கவிடாத சாவி), ‘டிக்’ சத்தம் வரும்வரை மட்டும் இறுக்குங்கள். பொதுவாக அது 40 இன்ச்-பவுண்டு. ஈரத்தோடு உறை போடாதீர்கள்.

கேள்வி (சேலம்): அயர்னை எப்படிக் கழுவுவது?

பதில்: முதல் கேள்வி. ஃபெரூல், மூன்று.

கேள்வி (குன்னூர்): தாத்தாவின் பழைய மரத்தலை மட்டை?

பதில்: தண்ணீரே காட்டாதீர்கள், மரம் ஊதும், நூல்கட்டு தளரும். காய்ந்த துணி, கொஞ்சம் மரச்சாமான் மெழுகு.

கேள்வி (சென்னை): பழைய செட் என்ன விலைக்குப் போகும்?

பதில்: என் துறை இல்லை. கடையில் கேளுங்கள்.

கேள்வி (ஈரோடு): கழுவியபின் ஏழாம் அயர்னைத் திருப்பினால் தலை லேசாக நகர்கிற மாதிரி இருக்கிறது. ஃபெரூலுக்குக் கீழே மயிரிழை இடைவெளி.

பதில்: இனி அதனால் ஒரு பந்துகூட அடிக்காதீர்கள், பயிற்சி இடத்திலும்தான். தலை பறந்தால் முன்னால் நிற்கிறவர் மண்டை போகும். மேலே ஒட்டுப் பசை ஊற்றி மூடவும் வேண்டாம். கடையில் தலையைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புது எபாக்சி போட்டு ஒரு நாள் இறுகவிட்டுத் தருவார்கள். எவ்வளவு சூட்டுத் தண்ணீரில் கழுவினீர்கள்?

ஈரோட்டுக்காரர்: கொஞ்சம் கொதித்தது.