கான்கிரீட் லேப் வேலை: மகளை அனுப்பலாமா?

வணக்கம் அம்மா,

மகள் பி.இ. சிவில் முடித்துவிட்டாள், சைட் வேலைக்குக் கூப்பிட்டும் போகவில்லை, கான்கிரீட் எத்தனை வருடம் தாங்கும் என்று சோதிக்கும் துறையில் எம்.டெக். படிக்கப் போகிறேன் என்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். "கட்டடம் கட்டப் படித்தவள் லேபில் கல்லை உடைத்துக்கொண்டிருக்கவா?" என்ற உங்கள் கவலை புரிகிறது. படிக்க விடுங்கள் என்பதுதான் என் பதில்.

ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் துளி சுண்ணாம்பு சேர்த்ததும் சிவந்துவிடுகிறது அல்லவா? சுண்ணாம்பில் உள்ள காரம் (அமிலத்துக்கு எதிரான அல்கலி) செய்யும் வேலை அது. கான்கிரீட்டுக்குள்ளும் அதே காரம் இருக்கிறது. கம்பியைத் துருப்பிடிக்காமல் காப்பதும் அதுதான். காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு மெல்ல மெல்ல உள்ளே புகுந்து அந்தக் காரத்தைக் குறைத்துவிடும். இதற்குப் பெயர் கார்பனேஷன். வெள்ளையடித்த சுவர் இறுகுவதும் இதே வேதிவினையால்தான். சுவருக்கு நல்லது, கம்பிக்கு ஆகாது. கம்பி துருப்பிடித்துப் பருத்தால் மேலே இருக்கும் கான்கிரீட் வெடித்துப் பெயர்ந்துவிடும்.

இதை லேபில் எப்படிப் பார்ப்பார்கள் தெரியுமா? வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 0.04 சதவீதம்தான். அதை நம்பி உட்கார்ந்தால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் 3 சதவீதம் வரை ஏற்றி, ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் கட்டுக்குள் வைத்த பெட்டியில் கான்கிரீட் துண்டுகளை வாரக்கணக்கில் வைப்பார்கள். அப்புறம் ஒரு துண்டை எடுத்துப் பிளந்து, தூசியைத் தட்டிவிட்டு, காரம் பட்டால் நிறம் மாறும் பீனால்ப்தலீன் கரைசலைத் தெளிப்பார்கள். நடுப்பகுதி பளிச்சென்று ரோஜா நிறமாகும். காரம் குறைந்துபோன ஓரம் மட்டும் சாம்பல் நிறமாகவே நிற்கும். அந்த ஓரத்தின் அகலத்தைப் பல இடங்களில் மில்லிமீட்டரில் அளந்து சராசரி எடுக்க வேண்டும். இந்த ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளரும். 4 வருடத்தில் 10 மி.மீ. போனால், 20 மி.மீ. போக ஏறக்குறைய 16 வருடம் ஆகும். கம்பிக்கு மேல் எவ்வளவு கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமன்) விட வேண்டும் என்ற முடிவு இந்தக் கணக்கோடு சேர்ந்ததுதான். உங்கள் மகள் கற்றுக்கொள்ளப் போவது இதைத்தான். கல் உடைக்கிற வேலை என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

வேலை கிடைக்குமா என்பதுதான் உங்கள் அடுத்த கேள்வி. சிமெண்ட் தயாரிப்பில் வெளியாகும் கார்பனைக் குறைக்க, சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த எல்சி3 சிமெண்டுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2023-ல் தரநிலை வெளியிட்டது. இதில் கிளிங்கர் (சூளையில் சுட்டெடுத்து, அரைத்துச் சிமெண்டாக்கும் பொருள்) பாதியளவுதான். காரச் சேமிப்பு குறைவு என்பதால் கார்பனேஷன் வேகமாகலாம். ஆகவே புதுக் கலவை வர வர இந்தச் சோதனையின் தேவையும் கூடும். சிமெண்ட் ஆலை, ரெடிமிக்ஸ் நிறுவனம், பழைய பாலங்களை ஆய்வு செய்யும் கன்சல்டன்சி என்று பல இடங்களில் இந்த ஆட்கள் வேண்டும். ஆராய்ச்சிப் பக்கம் போக நினைத்தால் சென்னை ஐஐடி, தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையமான எஸ்இஆர்சி, உலோக அரிப்பு ஆய்வுக்குக் காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி என்று எல்லாம் நம் ஊரிலேயே இருக்கின்றன.

ஒன்றை மறைக்கமாட்டேன். சாதாரண டெஸ்டிங் லேபில் தொடக்கச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். வெறும் கான்கிரீட் கியூப் (வலிமைச் சோதனைக்கு வார்த்த கனசதுரக் கட்டி) உடைத்து ரிப்போர்ட் அடிக்கும் இடத்தில் மாட்டிக்கொண்டால் இரண்டு வருடம் வீணாகிவிடும். ஆகவே எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வை விட்டுவிட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். விண்ணப்பிக்கும் முன் அந்தத் துறையின் லேபை ஒருமுறை நேரில் பார்க்கச் சொல்லுங்கள். கார்பனேஷன் பெட்டி இருக்கிறதா, அதில் இப்போது யாருடைய துண்டுகள் இருக்கின்றன, கடைசியாக எப்போது அளந்தார்கள் என்று கேட்கட்டும். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். அந்த நிறம் மாறுவதை ஒரு தடவை பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.