ரீல்ஸ் வந்த பிறகு பி.ஆர்.ஓ. எதற்கு?

வணக்கம் ஐயா,

கும்பகோணத்தில் ஒரு பட்டுச் சேலைக் கடைக்கு விளம்பரமும் மக்கள் தொடர்பும் பார்க்கிறேன். நிருபர்களுக்குச் செய்திக்குறிப்பு கொடுப்பது, லோக்கல் சேனலில் விளம்பரம் ஓட்டுவது, ஆடித் தள்ளுபடிக்கு ஊர் ஊராக நோட்டீஸ் விடுவது, இதுதான் என் பிழைப்பு. இப்போது முதலாளி, "இன்ஸ்டாவில் ஒரு பொண்ணு ரீல்ஸ் போட்டாலே கூட்டம் வருது, அப்புறம் நீங்க எதுக்கு?" என்கிறார். எனக்கு இனி இந்தத் தொழிலில் இடம் உண்டா?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

நிச்சயம் உண்டு. நோட்டீஸ் காலத்தில் கடை பேசும், ஊர் கேட்டுக்கொள்ளும். சந்தேகம் வந்தவர் கடைக்கு வந்து கல்லாவில் இருப்பவரிடம் கேட்பார், அது அங்கேயே முடிந்துவிடும். இன்று அதே கேள்வி ரீல்ஸுக்குக் கீழே எல்லார் கண்ணிலும் படுகிறது. அங்கே பதில் சொல்வதுதான் இனி உங்கள் வேலை.

உங்கள் பக்கத்து வீடியோக்களையே பாருங்கள். விசிறி மடிப்பில் இருக்கிற திருபுவனம் பட்டை ஒரு பெண் தூக்கிக் காட்டி விலை சொல்கிறார். கீழே ஒருவர், "மடிப்பைப் பிரிச்சுக் காட்டுங்க. கைத்தறியா, விசைத்தறியா?" என்று கேட்கிறார். சிங்கப்பூரில் இருக்கிற இன்னொருவருக்குத் தை முகூர்த்தத்துக்குள் சேலை வந்து சேருமா என்று தெரிய வேண்டும். வீடியோ எடுத்தவர் அடுத்த கடைக்குப் போய்விட்டார். கடைப் பையன் எல்லாருக்கும் "டிஎம் பண்ணுங்க", அதாவது தனியாக மெசேஜ் அனுப்புங்கள், என்று ஒரே வரியை ஒட்டுகிறான். கைத்தறிக் கேள்வியை யாரோ அழித்தும் விடுகிறார்கள். அதற்குள் அதன் ஸ்கிரீன்ஷாட் நாலு வாட்ஸப் குழுவுக்குப் போயிருக்கும். ஒரு கடையின் பெயர் இப்படித்தான் கெடுகிறது.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சில்க் மார்க் இருந்தால் பட்டு அசல் என்று அர்த்தம், கைத்தறி என்பதற்கு அது சாட்சி ஆகாது. அதற்கு ஹேண்ட்லூம் மார்க் தனியாக இருக்கிறது. கடைக்காரர்களே இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். திருபுவனம் பட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, எங்கோ நெய்த சேலைக்கு அந்தப் பெயரைச் சூட்ட முடியாது. நெசவாளர் வீட்டுத் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். உங்கள் பதிலில் அந்த வித்தியாசம் தெரியும்.

முதலாளியிடம் விளம்பரத்துக்குக் கூடுதல் பணம் கேட்பதைவிட, ஸ்டாக் விவரத்தைப் பார்க்கும் உரிமையைக் கேளுங்கள். "இது விசைத்தறி, அதனால்தான் இந்த விலை" என்று யாரிடமும் அனுமதி வாங்காமல் எழுதும் அதிகாரத்தையும் கேளுங்கள். இந்த இரண்டும் இல்லாமல் யாராலும் இன்று மக்கள் தொடர்பு வேலை பார்க்க முடியாது.

இன்னொன்று. அந்தப் பெண்ணுக்குப் பணமோ இலவசச் சேலையோ கொடுத்திருந்தால், அது விளம்பரம் என்பதை வீடியோவிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளித்து வைக்கக் கூடாது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டி இதைத்தான் சொல்கிறது. தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். சொல்வது உண்மையா என்று விசாரிக்காமல் வீடியோவில் பேசியவரும் அதற்குத் தப்ப முடியாது. கேமரா ஓடுவதற்கு முன்னால் இதை இருவருக்கும் எடுத்துச் சொல்ல அந்தக் கடையில் உங்களைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

செய்திக்குறிப்பையும் நோட்டீஸையும் அடியோடு விட்டுவிடாதீர்கள். பாபநாசம், வலங்கைமான் பக்கம் கல்யாணச் சேலை எங்கே எடுப்பது என்று முடிவு செய்கிற பெரியவர்கள் பலர் இன்னும் பேப்பர்தான் பார்க்கிறார்கள். சரி, முதலாளியிடம் பேசிவிட்டு என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.